மூன்று கட்டையிலிருந்து ஒன்றரை கட்டைக்கு

அக்கா மகன் குளிக்கப் போயிருந்தான். சோபாவில் கிடந்த அவனுடைய கித்தாரைச் சும்மா மடியில் எடுத்து வைத்து, மேலே இருக்கும் தடித்த கம்பியை ஒரு தட்டு தட்டினேன். துணி காயப்போடும் கொடி மாதிரி தொளதொளவென்று ஆடி, கட்டையில் பட்டுக் கர்ரென்றது. திருகு வழுக்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, இளம் வயதில் பழகிய ஞாபகத்தில் ஆறு கம்பிகளையும் முறுக்கிச் சுருதி சேர்த்து வைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவன் ஒரே ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தான்.

"என்ன மாமா பண்ணி வெச்சிருக்கீங்க? வேணும்னுதான் எறக்கி வெச்சிருந்தேன்."

அவனும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து நான்கு வருடமாக ஒரு குழு நடத்துகிறார்கள். நால்வருமே மலேசியாவின் பினாங்கில், பத்து காவான் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். சிம்பாங் அம்பாட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் பயிற்சி. ஆரம்பத்தில் அவர்கள் வாசித்தது பனிமூட்டம் மாதிரி இருக்கும். ஒரு ஸ்வரத்தைத் தட்டினால் அது எதிரொலித்து எதிரொலித்துக் கரைகிற வரைக்கும் காத்திருந்து அடுத்ததைத் தட்டுவார்கள். அக்காவுக்குக்கூடப் பிடிக்கும், மீன் வெட்டிக்கொண்டே கேட்பாள். போன வருடம் எல்லாம் மாறிவிட்டது. ஒலி தடித்து, கறுத்து, தரையோடு தேய்த்து இழுக்கிற மாதிரி ஆகிவிட்டது. காதல் தோல்வியா, கடனா என்று அக்கா என்னிடம் ரகசியமாக விசாரித்தாள். நான் அவனிடம் கேட்டபோது பதில் சுருக்கமாக வந்தது: "ஒண்ணும் இல்ல மாமா. அந்தப் பாட்டு பத்தல."

எவ்வளவு இறக்கியிருக்கிறாய் என்று கேட்டேன். அவன் ஆங்கில எழுத்தில் சொன்னதை நான் ஆர்மோனியக் கணக்கில் மாற்றிப் பார்த்தேன். கித்தாரின் தடித்த கம்பி உலக வழக்கப்படி நிற்பது நம் கணக்கில் மூன்று கட்டை. அவன் இறக்கியிருந்தது ஒன்றரை கட்டைக்கு. கர்நாடகக் கச்சேரியில் ஆண் பாடகர்கள் சாதாரணமாகச் சுருதி வைத்துக்கொள்ளும் இடம் அது. இப்படித் தாழ்ந்த கித்தார் ஒலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேயையும் பிசாசையும் ஏன் இழுக்கிறார்கள் என்று தோன்றியது. அதோடு இன்னொரு கேள்வியும் வந்தது. கனத்த ராக் இசையில் இப்படி ஒன்றரை கட்டைக்கு இறக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்த புண்ணியவான் யார்? இறக்கவேண்டிய அவசியம் அவனுக்கு என்ன வந்தது?

அந்த ஆள் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. ஊர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். பேர் டோனி அயோமி. 1965-இல் வயது பதினேழு. தகடு வேலை செய்யும் ஓர் ஆலையில் வெல்டிங் பார்த்துக்கொண்டிருந்தான். மாலையில் கித்தார். ஒரு குழுவோடு ஜெர்மனிக்குப் போய் வாசிக்க வாய்ப்பு வந்தது. வேலையை விட்டுவிட்டான். அன்றுதான் கடைசி நாள். காலையில் போய்விட்டு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், இனி போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா விடவில்லை. வேலையை விடுவதாக இருந்தாலும் முறையாக முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினாள். எந்த ஊர் அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அந்த இடத்தில் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தகட்டை அழுத்தும் எந்திரத்தில் வழக்கமாக நிற்கும் பெண் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த எந்திரத்தில் இவனை நிறுத்தினார்கள். எந்திரம் கையின் மேல் இறங்கியது. பதறிப்போய்க் கையை இழுத்தான். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி போய்விட்டன. வலது கைதானே என்று ஆறுதல் சொல்ல முடியாது. அவன் இடக்கைப் பழக்கக்காரன். கம்பியைத் தட்டுவது இடது கை, கம்பியை அழுத்துவது வலது கை. எந்த விரல்கள் கம்பியை அழுத்த வேண்டுமோ, அந்த விரல்களிலேயே இரண்டுக்கு நுனி இல்லை.

வீட்டில் முடங்கிக் கிடந்தவனைப் பார்க்க ஆலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். வேண்டாவெறுப்பாகத்தான் பையன் கேட்டான். கேட்டு முடித்த பிறகுதான் மேலாளர் விஷயத்தைச் சொன்னார். அந்த வாசிப்பு ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜிப்ஸி மேதையுடையது. 1928-இல் வண்டிவீடு தீப்பிடித்து அவருக்கு இரண்டு விரல்கள் வேலை செய்யாமல் போய்விட்டன. மீதி விரல்களால்தான் இதையெல்லாம் வாசித்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அந்த மேலாளர்தான்.

அதற்குப் பிறகு அயோமி செய்தது முழுக்கப் பட்டறை வேலை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தின் காலி பிளாஸ்டிக் குப்பியை உருக்கி உருட்டினான். சூட்டுக்கோலால் குழி செய்து விரல் நுனிக்குப் பொருத்தினான். உப்புத்தாள் வைத்து மணிக்கணக்கில் தேய்த்தான். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. பழைய தோல்சட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டினான். கையால் செய்த விரலுறைகள். இப்போது கம்பியைப் பிடிக்க முடிந்தது. ஆனால் விரல் எங்கே இருக்கிறது என்று தொட்டு உணர முடியவில்லை. தடித்த கம்பிகள் வலித்தன. மெல்லிய கித்தார்க் கம்பி அந்தக் காலத்தில் கடையில் கிடைக்காது. பாஞ்சோவின் மெல்லிய கம்பிகளை வாங்கி மாட்டிக்கொண்டான். வலது கைக்காரனைப் போல இனி வாசிக்கப் பழகலாமே என்று சிலர் சொன்னதை மட்டும் அவன் கேட்கவில்லை.

ஜெர்மனி போகவில்லை. ஆனால் 1968-இல் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் வட்டாரத்துப் பையன்கள் நால்வர் சேர்ந்தார்கள். அயோமி கித்தார், கீஸர் பட்லர் பாஸ், பில் வார்டு டிரம்ஸ், பாட்டு ஆஸி ஆஸ்பர்ன். ஆஸி கொஞ்ச நாள் மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர். உலகப் போரில் குண்டு விழுந்த இடிபாடுகளுக்கு நடுவே விளையாடி வளர்ந்த தலைமுறை. அந்தப் பக்கத்து ஊரில் வளர்ந்த இன்னொரு பாடகர், ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போதே பக்கத்து உலோகப் பட்டறையின் சத்தத்தில் வகுப்பு அதிரும் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். இரும்பு அடிக்கும் ஊரில் இரும்பு இசை பிறந்தது என்று ஒரு வரியில் முடித்துவிட ஆசையாக இருக்கும். ஆனால் இவர்கள் முதலில் வாசித்தது இரும்பு இசை இல்லை. அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ். குழுவின் பெயரும் சாதுவாக 'எர்த்', அதாவது பூமி.

மாற்றம் வந்தது 1969-இல். பயிற்சி செய்யும் இடத்துக்கு எதிரே ஒரு கொட்டகை. மாரியோ பாவா எடுத்த பேய்ப்படம் அங்கே ஓடியது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'பிளாக் சபாத்'. பயப்படுவதற்கென்றே காசு கொடுத்து வரிசையில் நிற்கும் சனத்தை இவர்கள் பார்த்தார்கள். பயமுறுத்தும் படம் இருக்கலாம் என்றால் பயமுறுத்தும் பாட்டும் இருக்கலாமே. அந்தச் சமயம் பட்லருக்குக் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் எழுதிய 'கோள்கள்' இசைத்தொகுப்பில் செவ்வாய்க்கான பகுதி மேல் பைத்தியம். அதைப் பாஸில் வாசித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் அயோமி மூன்றே ஸ்வரத்தில் ஒன்றை வாசித்தார். அந்தப் படத்தின் பெயரே பாட்டின் பெயரானது, பிறகு குழுவின் பெயருமானது.

அந்த மூன்று ஸ்வரங்களை நம் பாஷையில் சொல்வது எளிது. கீழ் ஸட்ஜம். அதிலிருந்து ஒரே தாவாக மேல் ஸட்ஜம். அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமத்தில் வந்து நின்று, அங்கேயே நடுங்குகிறது. அவ்வளவுதான். ஸட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு ஐரோப்பாவில் சாத்தானின் பெயரை வைத்திருக்கிறார்கள். இடைக்காலத்துத் திருச்சபை இதைத் தடை செய்தது என்று ரசிகர்கள் சொல்லிக்கொள்வதற்கு ஆதாரம் கிடையாது. சாத்தான் பட்டமே 18-ஆம் நூற்றாண்டை ஒட்டிய சங்கீத நூல்களில்தான் தலைகாட்டுகிறது. நமக்கோ 72 மேளகர்த்தாக்களில் சரிபாதி, 36, பிரதி மத்யமத்தில் நிற்பவை. கல்யாணியில் இருப்பது அதே மத்யமம்தான். கல்யாண வீட்டில் நாயனக்காரர் கல்யாணி எடுத்தால் யாரும் எழுந்து ஓடுவதில்லை.

பிறகு ஏன் அந்தப் பாட்டு பயமுறுத்துகிறது? நானும் அக்கா மகனும் ஒரு ராத்திரி இதை ஆர்மோனியத்தில் உட்கார்ந்து பார்த்தோம். கல்யாணியில் நாம் மத்யமத்துக்கு நடந்து போகிறோம். ரிஷபம், காந்தாரம் என்று படி இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் பஞ்சமம் கை நீட்டி வாங்கிக்கொள்கிறது. அயோமி படியை எல்லாம் பிடுங்கிவிட்டார். ஸட்ஜத்திலிருந்து நேரே அந்தரத்தில் போய் நிற்கிற மத்யமம்; முன்னே பஞ்சமமும் கிடையாது. அதே ஸ்வரம், பக்கத்தில் ஆள் இல்லாமல். பாட்டின் முன்னால் மழையும் இடியும் தேவாலய மணியுமாக ஒலி சேர்த்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு வெறும் ஆர்மோனியத்தில் வாசித்தபோதும் அக்கா சமையலறையிலிருந்து "என்னடா எழவு வீடு மாதிரி?" என்று குரல் கொடுத்தாள்.

முதல் தட்டு 1969 அக்டோபர் 16 அன்று லண்டனில் ஒரே நாளில் பதிவானது. அன்றைக்கும் ஒரு சின்ன விபத்து. அயோமி கொண்டுவந்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்அப் முதல் பாட்டு முடிந்ததுமே பழுதாகிவிட்டது. மாற்றுக்கு வைத்திருந்த கிப்ஸன் எஸ்ஜியை எடுத்து மீதியை வாசித்தார். பிறகு வாழ்நாள் முழுக்க அந்த வகைக் கித்தாரே அவருக்கு அடையாளமாகிவிட்டது. தட்டு 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. விமர்சகர்கள் திட்டினார்கள். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம் வரை ஏறியது.

ஆனால் கம்பி இன்னும் இறங்கவில்லை. அது 1971-இல், மூன்றாவது தட்டான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில். ஹெண்ட்ரிக்ஸ் போன்றவர்கள் அதற்கு முன்பே அரை கட்டை இறக்கி வாசித்ததுண்டு. அயோமி அந்தத் தட்டின் சில பாட்டுகளில் மூன்றிலிருந்து ஒன்றரை கட்டைக்கு இறங்கினார். பட்லரும் பாஸைக் கூடவே இறக்கினார். கம்பி தளர்ந்தால் அழுத்தும் விரலுக்கு வலி குறையும், ஒலியும் தடிக்கும். எது முதல் காரணம், எது இரண்டாவது என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. பிளாஸ்டிக் விரலோடு வாசிக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கணக்கு வேண்டுமானால் இதோ. தடித்த கம்பி மூன்று கட்டையில் வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. ஒன்றரை கட்டையில் 69. வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் கம்பியின் இறுக்கம் அதிர்வின் இருமடி விகிதத்தில் போகிறது; 16 சதவீதம் அதிர்வு குறைந்தால் இறுக்கம் 29 சதவீதம் குறைந்துவிடும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சுமை விரலிலிருந்து இறங்குகிறது. தளர்ந்த கம்பி அகலமாக ஆடுகிறது, கித்தாரின் கட்டையில் உரசுகிறது. ஆம்ப்ளிஃபையரில் அந்த உரசல் பெரிதாகி உறுமுகிறது. நான் பழுது என்று நினைத்து முறுக்கிச் சரி செய்த அந்தக் கர்ர் இதுதான். இன்றைக்கு உலகம் முழுக்கக் கனத்த இசைக் குழுக்கள் பல இதற்கும் கீழே போய்விட்டன. மென்மையாக ஆரம்பித்து இருட்டுப் பக்கம் திரும்புகிற பல குழுக்களும் கை வைப்பது திருகாணியில்தான்.

2025 ஜூலை 5 அன்று நால்வரும் ஆஸ்டனில், அவர்கள் பிறந்து வளர்ந்த வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் வில்லா பார்க் அரங்கத்தில் கடைசி முறை வாசித்தார்கள். ஆஸியால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். ஜூலை 22 அன்று இறந்துபோனார். அக்கா மகன் மறுநாள் இரவு ஷிஃப்டுக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனான். உள்ளே போனால் மேலே கம்பெனிச் சட்டைதான். ஆனாலும் போட்டுக்கொண்டு போனான்.

இந்த ஒலி நம் பக்கம் வந்து சேர்ந்த வழி வேறு. பினாங்குத் தமிழர்கள் ராக் குழு என்றால் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அலிகேட்ஸ். டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் பினாங்குத் தீவின் பிள்ளைகள். பெரிய சுருட்டை முடியோடு மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே கட்டிப் போட்டவர்கள். ஆனால் அவர்கள் பாதை மென்மையானது. கனத்த கித்தார் எங்கள் தலைமுறையின் காதில் விழுந்தது ராக் கபாக் கேசட்டுகளில். கபாக் என்றால் கோடாலி. ஜொகூரிலிருந்து வந்த சர்ச் குழு, பிறகு விங்ஸ். 1989-இல் சர்ச்சின் 'இசபெல்லா' ஒலிக்காத பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, கிடையாது. தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் இளையராஜா, அடுத்த வீட்டில் இசபெல்லா, நடுவில் சுவர் மட்டும். 1992-இல் நீண்ட முடிக்காரர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியில் இடமில்லை என்று தகவல் அமைச்சர் சொல்ல, பாடகர்கள் முடி வெட்டிக்கொண்டார்கள். 2001-இல் கோலாலம்பூரில் மெகாடெத் குழுவின் கச்சேரிக்கே அனுமதி மறுக்கப்பட்டது. எலும்புக்கூட்டுப் பொம்மை ஒன்றுக்காக அவ்வளவு அமளி.

தமிழ்ப் பையன்கள் கனத்த இசையைத் தங்களுடையதாக்கிக்கொண்டது ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில். 1992-இல் கதிர், சிவா, பாலா என்று மூன்று பேர் தொடங்கிய குழு ருத்ரா. ஆரம்பத்தில் உலக வழக்கப்படியான டெத் மெட்டல். 1998-இல் வந்த முதல் தட்டிலிருந்தே மந்திர உச்சாடனத்தையும் உறுமல் குரலையும் ஒன்றாகக் கலக்கத் தொடங்கினார்கள். 2003-இல் 'குருக்ஷேத்ரா', 2005-இல் 'பிரம்மவித்யா' வரிசையின் முதல் தட்டு. உபநிஷதத்தை எடுத்து, அடித்தொண்டையில் கர்ஜித்துப் பாடுகிறார் கதிர். வேதாந்தம் முறையாகப் படித்தவர். 'வேதிக் மெட்டல்' என்று ஒரு வகைக்கே பெயர் விழுந்தது. பல்கலைக்கழகத்து ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் இவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். மதிப்புக்குரிய குழு. ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர்கள் பாடுவது பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். இருட்டும் கனமும் வேண்டுமென்றால் வேதத்துக்குப் போகவேண்டியதில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலுக்கு வந்தாலே போதும்.

பத்து காவான் முன்பு முழுக்கத் தோட்டம். இங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்னும் பெயரில் 'தோட்ட'த்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. 2014 மார்ச்சில் 24 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவுக்குப் போகும் இரண்டாவது பாலம் திறந்த பிறகு முகமே மாறிவிட்டது. மோட்டார் சைக்கிள் ஆலை, சில்லுத் தொழிற்சாலை, ஐக்கியா. போஸ் கம்பெனி ஒலிபெருக்கியும் ஹெட்ஃபோனும் செய்ய இங்கே ஓர் ஆலை வைத்திருந்தது. 2016-இல் அது ஃப்ளெக்ஸ் கைக்கு மாறியது. உலகம் பாட்டுக் கேட்கிற கருவியை இங்கே பூட்டினார்கள். பூட்டியவர்களில் எங்கள் சனமும் உண்டு. பால்மரம் வெட்டிய தாத்தாவின் பேரன் இன்று முகக்கவசமும் வெள்ளைக் கவுனுமாகப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான்.

போன திருவிழாவுக்கு அக்கா மகன் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரை மோட்டாரில் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தான். உறுமி மேளக் குழுவோடு ஒரு பாட்டு சேர்ந்து வாசிக்க ஆசை. உறுமி அடிக்கிற அண்ணன் லோரி ஓட்டுபவர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் இருபது வருடமாகக் காவடிக்கு அடிப்பவர். இடுப்பில் உறுமியைச் சாய்த்துக்கொண்டு, வளைந்த குச்சியை ஒரு பக்கத் தோலில் வைத்து அழுத்தித் தேய்த்தார். அந்த ஒலி கீழேயிருந்து கிளம்பி, மேலே ஏறுவது போல் ஏமாற்றி, மறுபடி கீழே போய் அமர்ந்தது. சாமி வருகிறவர்கள் வரிசையில் ஒருவர் தோள் அப்போதே குலுங்கியது. ஆம்ப்ளிஃபையர் இல்லை, பெடல் இல்லை.

அவன் கித்தாரைத் தட்டினான். சேரவில்லை. உறுமியைக் கொஞ்சம் இறுக்க முடியுமா என்று தயங்கிக் கேட்டான்.

அண்ணன் குச்சியை எடுக்கவே இல்லை. "தம்பி, இது ஒங்கிட்ட வராது. நீ எறங்கி வா."

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து திருகாணியைத் தளர்த்தத் தொடங்கினான். அண்ணன் தேய்க்கத் தேய்க்க, ஒலி போய் அமரும் இடத்தைக் காதால் தேடிக் கம்பியை இறக்கினான். ஒன்றரை கட்டையைத் தாண்டிவிட்டது. போனில் சுருதி காட்டும் முள்ளைப் பார்த்தேன். ஒன்றரைக்கும் ஒன்றுக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் சேராமல் ஆடிக்கொண்டு நின்றது. அங்கே அவன் நிறுத்திக்கொண்டான். ஒரு தடவை இருவரும் சேர்ந்து அடித்தார்கள். எது தோல், எது கம்பி என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இப்போது அந்தக் கித்தாரின் தலையில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கிறது. அதில் மார்க்கர் பேனாவால் அவன் எழுதி வைத்திருப்பது: 'கோயில் சுருதி. மாமா தொடாதீங்க.'